முத்திரை விழுந்த நான்கு கடிதங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா எழுந்து நடமாடுகிறாள். முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. அவளைப் பற்றி நான் எழுதுவதை நீ அப்படியே நம்பலாம்.

இதை உனக்கு முன்பே படிக்கும் சிறை அதிகாரிக்கும் வணக்கம். எதையும் மை பூசி அழித்துவிட வேண்டாம், ஐயா. அவனுக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை உன் அப்பீல் மனுவின் நகல் வாங்க நீதிமன்றம் போனேன். வக்கீல் மாமா போனில் சொல்லி நான் குறித்துவைத்த எண்ணைக் காட்டினேன். நகல் பிரிவில் இருந்தவர் மூன்று பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, "இந்த நம்பர்ல கேஸே இல்லையேம்மா, உங்க வக்கீல் பஸ் நம்பரையா குடுத்தாரு" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உன் பெயரைப் போட்டுத் தேடினார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

அப்பீல் இல்லை, அண்ணா. பதினான்கு மாதங்களாக இல்லை. போடவேயில்லை. கெடுவும் தாண்டிவிட்டது.

உன்னை உள்ளே தள்ளிய அதே கிடங்குத் தீ பற்றி, உன் பெயரோடு இன்னொரு வழக்கு இருந்தது. கிடங்கு முதலாளி இன்சூரன்ஸ் பணம் கேட்டுப் போட்டது. தீக்குக் காரணம் நீ என்று இருக்கும்வரைதான் அது நிற்கும். அதில் முதலாளியின் வக்கீல் யார் என்று பார்த்தேன். நம் மாமா. அப்பா செத்த அன்று நம் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்ட அதே மாமா.

நேராக அவரிடம் போனேன். டீ வரவழைத்தார். "அப்பீல் வேண்டாம்னு உங்க வீட்லதானே சொன்னீங்க, மறந்துட்டியா பாப்பா" என்றார். குரல்கூட மாறவில்லை. ஒரு நிமிடம் நானே யோசித்தேன், சொன்னோமோ என்று.

சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அக்கா இருக்கிறாள். கடுமையானவள். "அழறத வீட்ல வெச்சுக்க, தேதியச் சொல்லு" என்றாள். மாமா மேல் பார் கவுன்சிலில் புகார். கூடவே, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு உன் அப்பீல். புகாரில் பிடி இருந்தால்தான் தாமதம் நம் தவறு இல்லை என்று ஆகும். ஆனால் பிடி எங்கே? மாமா எதையும் எழுதித் தந்ததில்லை. எல்லாம் போனில்.

அப்போதுதான் அவள் கேட்டாள், அண்ணனுக்குக் கடிதம் எழுதினாயா என்று. வழக்கு நடக்கிறது என்று நான் எழுதிய நான்கு கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் சிறை முத்திரை, தேதியோடு. அப்பீல் வேண்டாம் என்று சொன்னவர்கள் அப்படி எழுதுவார்களா? "அடிப் பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று மேசையைத் தட்டினாள். பிறகு, "விசாரணைய நேர்ல பாத்தியா?" என்றாள்.

பார்க்கவில்லை, அண்ணா.

பொம்பளப் பிள்ளை கோர்ட்டுக்கெல்லாம் வர வேண்டாம் என்றார் மாமா. ஒவ்வொரு தேதியிலும் நான் வேலை செய்யும் கடைக்குப் போன் வரும். "நல்லாப் போச்சு பாப்பா." அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நான் இரண்டு பக்கம் ஆக்கினேன். நீதிபதி உன் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார் என்று எழுதினேன். 'இந்தப் பையனுக்கு வயசு என்ன' என்று கேட்டார் என்றும். அந்த நீதிபதி இல்லை. அந்தக் கேள்வியும் இல்லை. நீ தூங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். அதனால்.

அந்தக் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாக எழுதினாய். உன்னை 'அப்பீலு' என்று கூப்பிடுகிறார்கள் என்றும். அதைப் படித்தபோதாவது நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு எழுதினேன்.

"எது நெசம், எது உன் கைச்சரக்குன்னு நாமளே முதல்ல சொல்லிடணும். உங்க மாமா வாயால வந்தா முடிஞ்சுது" என்றாள் அக்கா. பிரமாணப் பத்திரத்தில் வரி வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது வழக்குத் தாளாக உன்னிடம் வருமுன் என் கையெழுத்தில் உனக்குத் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

உன் பங்குக்கான தாள்கள் இதோடு இருக்கின்றன. பென்சிலில் புள்ளி வைத்த மூன்று இடங்களில் சிறை அதிகாரி முன் கையெழுத்துப் போடு. நான்கு கடிதங்களையும் சேர்த்து அனுப்பு. இருபதாம் தேதிக்குள் அக்கா கைக்கு வர வேண்டும். மாமா உன்னைப் பார்க்க வருவார். கண் கலங்குவார், அப்பாவைப் பற்றிப் பேசுவார். அவரிடம் ஒரு தாளும் கொடுக்காதே.

கிழித்துப் போடத் தோன்றும். என் கடிதங்கள்தானே. அவற்றை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அடுத்த பார்வை நாளுக்கு அம்மாவை அழைத்து வருகிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. நான் உள்ளே வரவில்லை, வெளியே நிற்கிறேன். நீ கூப்பிடச் சொன்னால் வருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. உன் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை