கேன் தண்ணீரில் நிற்கும் பட்டை

ஒரகடம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள காவேரிக்கு,

உலகம்மாள் எழுதுவது. நான் சுகம்தான், சாப்பாடுதான் இறங்கவில்லை. போனில் சொன்னால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். கல்யாணப் பத்திரிகை அடிப்பது போல, பிளாஸ்டிக் பட்டையில் கரி மையால் கோடுகள் அச்சடிக்கிறோம். அதைத் தண்ணீரில் நிறுத்தினால் நிக்கல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று மீட்டர் காட்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்கிற இடங்களுக்குப் போகிறது. ஒரு கோடு மங்கலாக விழுந்தாலும் நான் விடமாட்டேன்.

உனக்குப் பேசியிருக்கிற என் தம்பி இசக்கிபாண்டி வேலை பார்க்கும், நிக்கல் முலாம் பூசுகிற கம்பெனியிலும் எங்கள் பட்டைதான். ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டான், போனேன். வாசல் போர்டில் கழிவுநீரின் எண்கள் எல்லாம், அளவுக்குள் இருக்கிறது என்று பச்சையாக எரிந்தன. பெருமையாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், கழிவுநீர் வெளியேறும் குழாயில் பட்டையே இல்லை. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் மக்கில், கேன் தண்ணீரில் நிற்கிறது. அந்த மக்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள்.

போர்டு பச்சையா கீதுல்ல, அது போதும்மா என்று சிரித்தார் சூப்பர்வைசர் சுபாஷ். வெறும் கேன் தண்ணீரில் நிக்கலே இல்லை என்று மீட்டர் காட்டியதால், மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் சந்தேகம் வந்ததாம். தினமும் ஒரு மூடி கழிவுநீரைக் கலந்துவிடலாம் என்று யோசனை சொன்னதே உன் மாப்பிள்ளைதானாம். அவர் தட்டிக்கொடுக்க, இவன் இளித்துக்கொண்டு நின்றான்.

அவனை வெளியே இழுத்துவந்து கேட்டேன். எல்லா இடத்துலயும் இதான்க்கா நடக்கு, உன் பட்டை நல்லாத்தான வேலை பாக்கு என்கிறான். அந்தத் தண்ணீர் போகிற கால்வாய் ஓரம் கீரை போட்டிருக்கிறார்கள், அதைத்தான் எங்கள் ஹாஸ்டலில் கடைந்து ஊற்றுகிறார்கள் என்றேன். அப்ப நீ கீரைய ஒதுக்கிரு என்றான். சீ. கூடப் பிறந்தவன் என்று சொல்லவே அருவருப்பாக இருக்கிறது.

தை மாதத்துக்கு நாள் குறிக்க அப்பா அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் நீ அவனிடம் கேள். நான் சொன்னால் அக்கா கத்துகிறாள் என்று போய்விடுவான், நீ சொன்னால் கேட்கலாம். பட்டையைக் குழாயில் வைக்கட்டும். வேலை போனால் போகட்டும், இங்கே கம்பெனிக்கா பஞ்சம். மாட்டேன் என்றால், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வாயால் மதினி என்று கூப்பிடக் கேட்க எனக்குக் கொள்ளை ஆசை. நீ யார் வீட்டுக்குப் போனாலும் நன்றாக இருக்க வேண்டும், தாயி.

இப்படிக்கு,
உலகம்மாள்