ஒரே ஒரு படிதான்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு வீடு பார்த்தேன். பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

தரைத்தளம் வேண்டும், வாசலில் படி கூடாது, எல்லாக் கதவிலும் என் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலி நுழைய வேண்டும். போனில் எத்தனை தடவை சொல்லியாயிற்று! “அதேதான் மேடம், அளவெடுத்துத் தைச்ச மாதிரி” என்றார் புரோக்கர். போய் நின்றால் வாசலில் படி. “ஒரே ஒரு படிதான் மேடம்.” எண்ணினேன், நான்கு. இந்த மனுஷனுக்கு எண்ணத் தெரியாதா, இல்லை எனக்குத் தெரியாது என்று நினைப்பா?

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துவது என் பிழைப்பு. கொஞ்சம் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் குத்துகிறேன். இந்த ஆளுக்கு அந்த நேர்மைகூடக் கிடையாது.

கோபம் வரவேண்டும். வரவில்லை. மரத்துப்போன இடத்தில் யாரோ குத்துகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இவர் புரோக்கருக்குப் பெயர் வைத்துவிட்டார்: ஒத்தைப்படி. “என்ன, இன்னைக்கு ஒத்தைப்படி எந்த மலையைக் காட்டினான்?”

நான் சிரித்தேன். இவர் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பஸ் ஓட்டிய மனிதருக்கு, விபத்துக்குப் பிறகு ஊரே அந்த ஜன்னல் அளவுதான். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். “அண்ணன் நல்ல வெயிட்டுப்பா” என்று ஒருவர் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும், “இனிமே என்னை இறக்கணும்னா பொணமாத்தான் இறக்கணும்” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

வேறு இரண்டு புரோக்கர்களைப் பிடித்தேன். ஒருவர் போனே எடுப்பதில்லை. இன்னொருவர் ஒத்தைப்படியின் மச்சான்.

மார்ச் 23, ஞாயிறு

ஒட்டடைக் கம்பு ஒன்றை நாற்காலியின் அகலத்துக்கு அறுத்துப் பையில் வைத்திருக்கிறேன். கதவுக்குக் கதவு அதைப் பிடித்துப் பார்ப்பேன். ஒத்தைப்படிக்கு அது பிடிக்காது. இன்று போகிற வழியிலேயே ஓதினார். “கம்பை வெளிய எடுக்காதீங்க மேடம். சார் விஷயத்தை ஓனர்கிட்ட மூச்சு விடாதீங்க. உங்களுக்குத் தேவைன்னு தெரிஞ்சா விலையை ஏத்திடுவாரு.”

ஓனர் வயதானவர், தனியாள். “வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்றார். வெளியூரில் வேலை என்று சொன்னேன். நாக்கு கூசவில்லை.

அவர் கொல்லைப்பக்கம் போனபோது கம்பை எடுத்தேன். ஒரு கதவிலும் இடிக்கவில்லை! குளியலறைக்குள்ளேயே நாற்காலியைத் திருப்பலாம். சுவரில் இடுப்பு உயரத்தில் ஏதோ பெயர்த்து எடுத்துப் புதிதாகப் பூசிய தடம். எதுவாக இருந்தால் என்ன?

ஆனால் வாசலில் பளபளவென்று கருப்புக் கல்லில் மூன்று படி. கேட்டுக்கும் படிக்கும் நடுவே இடமே இல்லை. பக்கத்தில் சுவரை ஒட்டி வரிசையாகச் செடித் தொட்டிகள். “பலகை போட்டு இறக்கிக்கலாம் மேடம்” என்றார் ஒத்தைப்படி. அந்தச் செங்குத்தில் இவரைப் பலகையில் இறக்கினால் நேரே தெருவில் போய் விழுவார்.

மார்ச் 24, திங்கள்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “வேற பார்ட்டி ரெடியா நிக்குது மேடம்.” நிற்கட்டும்.

இவர் எப்படியிருந்தது என்று கேட்கவே இல்லை.

ஏப்ரல் 2, புதன்



காலையில் வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தவர் அந்த ஓனர். ஊசி ஏற்றியதும் கேட்டார், “வீடு பிடிக்கலையாம்மா?”

“படி இருக்குங்க ஐயா. எங்க வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில இருக்காரு.” வாய் தவறி வந்துவிட்டது.

“வெளியூர்னு சொன்னீங்க?”

“புரோக்கர்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு.”

கையை இழுக்கப் பார்த்தார். ஊசி உள்ளே இருந்தது. ஆட்டாதீங்க என்றேன்.

“அந்தப் படி இப்பக் கட்டினதும்மா. செடித்தொட்டி இருக்குற எடத்துல, சுவரை ஒட்டி நீளமாச் சரிவு இருந்துச்சு. என் சம்சாரத்தோட நாற்காலி அதுலதான் போகும் வரும். சரிவு இருந்தா நோயாளி வீடுன்னு பார்ட்டி ஓடிடும், இடிச்சுடுங்க, பாத்ரூம் கைப்பிடியையும் எடுத்துடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவருதான்…”

அடப்பாவி. அவர் வாயையும் மூடி, என் வாயையும் மூடி, நடுவுல நின்னுக்கிட்டு வீடு விக்கிறானாம் வீடு!

பஞ்சை அழுத்திப் பிடிங்க என்றேன். அவர் பிடிக்கவில்லை. நானே பிடித்துக்கொண்டேன்.

“இடிக்கறப்போ நான் வீட்டுல இல்லம்மா. பாக்க முடியல” என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

சரிவைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று அந்த ஐயாவின் வீட்டையே வாங்கிவிட்டோம்; இன்று பத்திரம் பதிந்தாயிற்று. ஒத்தைப்படி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டார். “அப்பவே சொன்னேன்ல மேடம், உங்களுக்குன்னே கட்டின வீடு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் தலையாட்டினேன்.

மே 18, ஞாயிறு

சரிவு எப்படி இருந்தது என்று கொத்தனாருக்குக் காட்ட அந்த ஐயாவே வந்தார். “இன்னும் கொஞ்சம் படுக்கப் போடுப்பா, ஏறும்போது கை வலிக்கும்.” யாருடைய கையை நினைத்துச் சொன்னாரோ. காபி போடுவதற்குள் கிளம்பிவிட்டார்.

மே 25, ஞாயிறு

இவரை இறக்கினோம். டிப்போ ஆட்கள் நாலு பேர். இரண்டாவது மாடி திருப்பத்தில், கண்ணை மூடிக்கொண்டே, “பொணம் பேசுது, மெதுவா இறக்குங்கடா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சாவியைத் தேடுகிறவள்போல் பைக்குள் குனிந்துகொண்டேன்.

இங்கே வந்து ஜன்னல் பக்கமே போய் உட்கார்ந்தார். பழக்கம்.

ஜூன் 1, ஞாயிறு

எழுந்து பார்த்தால் கட்டில் காலி, நாற்காலியும் இல்லை. விழுந்துவிட்டாரோ என்று குளியலறைக்கு ஓடினேன். இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது.

எதிர்வீட்டுக்கு முன்னால் ஒத்தைப்படி. கூடவே ஒரு தம்பதி, ஊன்றுகோலோடு அவர்களுடைய அப்பா. “ஒரே ஒரு படிதான் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுத்தெருவில் நாற்காலியை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் ஏறுகிறவர்களை அதட்டுகிற அதே குரலில் இவர் சொன்னார்: “அஞ்சு படி சார். இப்பத்தான் எண்ணினேன்.”

கூப்பிட வாயெடுத்தேன். குரலுக்குப் பதில் அழுகை வந்தது. அழுது எத்தனை நாளாயிற்று! நிலைப்படி இல்லாத அந்த வாசலில் நின்று நன்றாக அழுதேன்.

பிறகு உள்ளே வந்து பாலை மட்டும் காய்ச்சி வைத்தேன். காபி கலக்கவில்லை. இவர் வரக் கொஞ்ச நேரமாகும்.