பிரசவத் திட்டத்தின் மூன்றாவது வரி

செப். 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். அரியலூரில் 7.40 பஸ். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் சேர 9. இன்றைய வேலைகள்: 1. பழைய இதழ்கள், கட்டு. 2. புத்தகங்களுக்கு அட்டை. 3. மூக்குக்கண்ணாடித் திருகு. எதுவும் நடக்கவில்லை.

நூலகத்துக்கு தமயந்தி மேடம் வந்தார். நான் நூலகம் பார்க்கும் நர்சிங் கல்லூரியில் மகப்பேறு வகுப்பு அவருடையது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணி வயிறு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். உள்ளே ரப்பர் குழந்தை. கட்டியவர் தள்ளினால் வெளியே வரும். தாயாக நடிக்க ஆள் வேண்டும்.

"பொண்ணுங்களே கட்டுனா, 'ஒழுங்கா படுடி'ங்குதுங்க சார். உங்ககிட்ட அப்படிப் பேச மாட்டாங்கள்ல."

மறுக்கத் தெரியாது எனக்கு. முப்பது வருடம் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றும். சரி என்றுவிட்டேன்.

கூடவே ஒரு தாள். பிரசவத் திட்டம். யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எப்படி இருந்தால் வசதி, எது கூடாது என்று தாய் முன்கூட்டியே எழுதித் தருவது. மாணவி அதன்படி பிரசவம் பார்க்க வேண்டும். வெள்ளியன்று செய்முறைத் தேர்வு. தாளை நிரப்ப வேண்டியது நான்.

செப். 10, புதன்

மூன்று வரைவு. மூன்றும் கிழித்தேன். எனக்கென்ன தெரியும்? சகுந்தலாவிடம் கேட்டேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, பையனுக்கே முப்பத்தஞ்சு ஆவுது. பொண்டாட்டிகிட்ட இப்பதான் கேக்க வந்தீங்களா?"

பிறகு அரிவாள்மனையை மடக்கிவிட்டுச் சொன்னாள். சொன்னபடியே எழுதினேன்:

1. தண்ணி கேட்டா தரணும்.
2. தொடுறதுக்கு முன்னாடி சொல்லணும்.
3. மல்லாக்கப் படுக்க மாட்டேன். உக்காந்துதான் இருப்பேன்.

"பையன் பொறக்கறப்ப உக்காரணும்னேன். தொடையில ஒண்ணு வச்சு, 'படுடி'ன்னா அந்த நர்சம்மா. நீங்க வெளிய நின்னீங்க."

நின்றேன். அடி விழுந்த சத்தம் கேட்டது. கதவைத் தட்டவில்லை. கையில் செய்தித்தாள் இருந்தது.

செப். 11, வியாழன்

ஒத்திகை. எனக்குப் பிரசவம் பார்த்தது பூலாம்பாடி மாணவி கலைச்செல்வி. ~~பயந்த சுபாவம், என்னைப் போல.~~ "அம்மா, வலிக்குதா சார்?" என்றாள். ஒரே சிரிப்பு. பின்வரிசையில் ஒருத்தி: "தாத்தாவுக்குத் தலைப்பிரசவம்டி!" நானும் சிரித்துவிட்டேன். வயிறு நழுவியது.

மூன்றாவது வரியில் கலைச்செல்வி நின்றுவிட்டாள். "வார்டுல எல்லாரையும் படுக்கத்தானே வைக்கிறாங்க மேடம்?"

"அவங்களுக்கு எது வசதின்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார் தமயந்தி.



செப். 12, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கலைச்செல்விதான் முதல். தண்ணீர் தந்தாள். "வயித்துல கை வைக்கிறேங்கம்மா" என்று சொல்லிவிட்டே வைத்தாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் கடிகாரம் பார்த்தார்.

"நேரமாவுது. படுக்க வை."

"மேடம், அவங்க உக்காந்து..."

"அது சும்மா பேப்பரும்மா. சார், நீங்க படுங்க."

படுத்திருக்கலாம். நடிப்புதானே. அவள் மதிப்பெண் வேறு. யார் சொன்னாலும் படுத்தவன்தான் நான். தோள் தானாகவே சாய்ந்தது. பாதி சாய்ந்தபோது அந்த மூடிய கதவு. அந்தச் சத்தம்.

"மாட்டேன்."

என் குரல்தான்.

"என்ன சார்?"

"படுக்க மாட்டேன். மூணாவது வரி. எழுதிக் குடுத்திருக்கேன்."

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். தேர்வாளரைப் பார்த்தாள். பிறகு தரையில் முழங்காலிட்டாள். "உக்காந்தே முக்குங்கம்மா. நான் கீழேர்ந்து புடிச்சுக்கிறேன்."

பிடித்தாள். துடைத்தாள். குழந்தையை என் சட்டை மேல் போட்டாள்.

தேர்வாளர் எழுதினார்: 'தாயைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை.' ஃபெயில்.

மாலை முதல்வர் கூப்பிட்டார். தேர்வைக் குலைத்தேன் என்று திங்களன்று நான் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். தந்தால் அவளுக்கு மறுதேர்வு. படுக்க வைத்துச் செய்து காட்டினால் பாஸ்.

என்னால் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்றா?

செப். 13, சனி

கடிதத்தில் 'பணிவுடன்' வரை எழுதினேன். கலைச்செல்வி போன்.

"சார், எனக்காகன்னு எழுதிடாதீங்க. மறுபடி வச்சாலும் நான் உக்கார வச்சுதான் பாப்பேன்."

போனை வைத்துவிட்டாள். வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, அவளைப் பற்றிய ஒரு வரியை அடித்தேன்.

செப். 14, ஞாயிறு

தூறல். கடிதம் முடிந்தது. மன்னிப்பு இல்லை. தாய் எழுதியபடி செய்த மாணவிக்கு உரிய மதிப்பெண் வேண்டும், அவ்வளவுதான். இணைப்பு: திட்டத்தின் நகல்.

சகுந்தலா வாங்கிப் படித்தாள்.

"திட்டத்துல உங்க கையெழுத்து இருக்கு?"

"நான்தானே தாய்."

"சொன்னது யாரு?"

பேனாவைப் பிடுங்கி, என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினாள். பீரோவிலிருந்து புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

நாளை 7.40 பஸ், இருவரும். முதல்வர் அறையில் பேசப்போவது அவள். கதவை மட்டும் நான் தட்ட வேண்டுமாம்.