மண்ணிறப் பம்பு

2012 மே 7, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. காலையில் கூட்டிய முற்றம் மத்தியானம் மறுபடி மணலாகக் கிடக்கிறது. மகள் டிலோஜினிக்கு இன்னும் இருமல் இல்லை. கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸி சொல்லித்தந்தபடி, ஆஸ்துமாவுக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் மண்ணிறப் பம்பைக் காலையும் மாலையும் கொடுத்து வாய் கொப்பளிக்க வைக்கிறேன். நீலம், இழுப்பு வந்தால் மட்டும்.

மாக்கிறட் மச்சாள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தார். "இந்தியாவிலை பழகின பழக்கம்" என்றார். நான் எதைச் செய்தாலும் அது இந்தியாதான். அவருடைய தம்பியான என் புருசனும் மண்டபம் அகதி முகாமில்தான் வளர்ந்தார். அவரை யாரும் இந்தியாக்காரன் என்பதில்லை. பெண்டாட்டி மட்டும்தான் இந்தியாக்காரி.

மே 11

இந்தியாவிலிருந்து மன்னார்ப் பள்ளிமுனைக்குத் திரும்பி வந்து ஒரு வருசமாகப் போகிறது. இன்னும் மச்சாளின் வீடுதான். வன்னியிலிருந்து தனியாக வந்த மனுசி. கணவர் முன்பே இல்லை. மகன் மில்ரன் கடைசிச் சண்டைக் காலத்தில் செத்தான் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். எப்படி என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. நல்ல மனுசிதான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். சில நாள் முடிகிறது.

மே 19

மச்சாள் இன்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு முன்னால் சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஆரும் கேட்டு வந்தா என்ன சொல்லுறது? அந்தப் பம்பு பழகினா விடேலாது. பிறகு அது இல்லாட்டி மூச்சே வராது."

டிலோவுக்கு ஏழு வயது. இப்போதே கலியாணப் பேச்சு!

சாப்பிடும்போது இதைப் புருசனிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில்: "அக்கா சொல்லுறதிலையும் ஏதோ இருக்கும். பிள்ளை இப்ப நல்லாத்தானே இருக்கிறாள். கொஞ்ச நாள் நிப்பாட்டிப் பாப்பமே."

"நல்லா இருக்கிறதே மருந்தாலைதான்" என்றேன்.

கை கழுவ எழுந்து போய்விட்டார்.

மே 21

பம்பு இரண்டும் மச்சாளின் அலுமாரிக்குள். சாவி அவர் இடுப்பில். எடுத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை, என் புருசன். "தேவைப்பட்டாத் தருவா" என்கிறார். தேவைப்பட்டால்! என் பிள்ளையின் மூச்சுக்கு நான் இன்னொருத்தியிடம் போய் நின்று கேட்கவேணும்.

ஜூன் 3

பம்புக்குப் பதிலாக மச்சாளின் ஆடாதோடைக் கசாயம். பிள்ளை குடித்து வாந்தி எடுத்தது. இருமல் தொடங்கிவிட்டது. ஓடி விளையாடுகிற பிள்ளை படலையடியில் குந்தியிருந்து மற்றப் பிள்ளைகளைப் பார்க்கிறது.

மச்சாளிடம் பம்பைக் கேட்டேன். "சளி வெளியிலை போகுது, பேசாம இரு" என்றார். கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வேறு பம்பு வாங்குகிறேன் என்று புருசனிடம் சொன்னேன். "அக்காவோடை கொழுவிக்கொண்டு இந்த வீட்டிலை இருக்கேலாது, செலீனா" என்றார். போகாமல் இருந்துவிட்டேன். ஏன் போகவில்லை? போயிருக்கலாம்தானே?

ஜூன் 6

இன்றும் கேட்டேன். தரவில்லை.

ஜூன் 16

இன்றுதான் எழுத முடிகிறது. டிலோ வார்டில், என் பக்கத்தில் தூங்குகிறாள்.

புதன்கிழமை காலை. அவர் மீன்பிடிக்கக் கடலில். மச்சாள் தேவாலயப் பூசைக்குப் போயிருந்தார். டிலோவுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா" என்றாள், அடுத்த சொல் வரவில்லை. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. விலாவுக்குக் கீழே வயிறு குழிந்து குழிந்து... ஐயோ, என்ரை பிள்ளை தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சுக்கு அலைஞ்சுது. நான் என்ன செய்ய, ஆரைக் கூப்பிட?

அம்மிக் குழவியைத் தூக்கி வந்து அலுமாரிப் பூட்டில் போட்டேன். கதவு பிளந்தது. நீலப் பம்பைக் கொடுத்தேன், திரும்பத் திரும்பக் கொடுத்தேன். மருந்தை இழுக்கவே அவளுக்கு மூச்சில்லை. உதடு கறுக்கத் தொடங்கியது. தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடினேன். ஆட்டோக்காரன் இன்சாப் வண்டிக்குள் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்தான். "பிள்ளையை நிமித்திப் பிடியுங்கோ அக்கா, படுக்க விடாதேங்கோ" என்றான், அவ்வளவுதான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையை என் கையிலிருந்து பறித்தமாதிரி வாங்கினார்கள். ஒட்சிசன், முகத்தில் மாஸ்க், அதற்குள் வெள்ளைப் புகையாக மருந்து, கையில் ஊசி. முதலில் நெஞ்சுக்குள் விசில் சத்தமே இல்லை. அதுதான் கூடாதாம், காற்றே போகவில்லையாம். பிறகு சத்தம் வந்தது. மிஸ்ஸி என் தோளைத் தட்டி, "இப்ப இழுக்குது, நல்லது" என்றார். இழுப்பு வந்ததற்காக நான் அழுதுகொண்டே கும்பிட்டேன்.

மத்தியானம் அவர் ஈரச் சாரத்தோடு வந்து சேர்ந்தார். டொக்டர் கேட்டார்: "மண்ணிறப் பம்பை நிப்பாட்டினது ஆர்?"

நான் புருசனைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"நான்தான் டொக்டர்" என்றேன்.

"அதுதான் அம்மா இந்த வருத்தத்தை வர விடாமல் வைச்சிருக்கிறது. பிள்ளை நல்லா இருக்கிற நாளிலையும் குடுக்கவேணும். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." முடிக்காமல் போய்விட்டார்.

 பஸ்ரியன் என்ற இந்தப் புருசனை நம்பித்தான் கப்பல் ஏறி வந்தனான்.

ஜூன் 17

மச்சாள் வந்தார். சூப் கொண்டுவந்தார். கட்டிலடியில் நின்று டிலோவின் மாஸ்க்கையே பார்த்தார். உடைத்த அலுமாரியைப் பற்றிக் கேட்பார், நல்லாகத் திருப்பிக் கேட்கலாம் என்று நானும் காத்திருந்தேன்.

"மில்ரனுக்கும் இதுதான்" என்றார்.

டிலோவின் போர்வையை இழுத்துவிட்டேன். மச்சாள் தொடர்ந்தார்:

"ஷெல்லிலை எண்டுதானே எல்லாரும் நினைக்கிறியள். இல்லை. தறப்பாள் கொட்டிலுக்குள்ளை, புழுதி, புகை. பம்பு முடிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரி எண்டு ஒண்டு இல்லை. அவன் அந்த வெறும் பம்பைக் கடைசி மட்டும் அமத்தி அமத்தி இழுத்தவன். அதை அவன்ரை கையிலையிருந்து நான்தான் கழட்டினனான். பம்பு பழகின பிள்ளை எண்டபடியாத்தான் செத்தவன். பழகாட்டித் தாங்கியிருப்பான்."

"இல்லை மச்சாள். மருந்து இல்லாததாலைதான் செத்தவன்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ? சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சூப் போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாவம்தான். எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் என் வயிறு ஆறவில்லை. அந்தப் பிள்ளை மருந்தில்லாமல் செத்தது. இந்தப் பிள்ளைக்கு இருந்த மருந்தைப் பூட்டி வைத்தார்கள். துக்கம் என்றால் எதையும் செய்யலாமா?

ஜூலை 2

கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் வாடகைக்குக் கிடைத்தது. நானும் டிலோவும் வந்துவிட்டோம். அவர் "வரமாட்டன்" என்றார்.

ஜூலை 15

வந்துவிட்டார். பாய் ஒன்றும் உடுப்புப் பையும் கொண்டுவந்தார். "டொக்டருக்கு நான் சொல்லியிருக்கவேணும்" என்றார். ஓம், சொல்லியிருக்கவேணும். சாப்பாடு போட்டேன்.

ஓகஸ்ட் 26

அவர் காலையில் அக்கா வீட்டில் தேத்தண்ணி, மத்தியானம் இங்கே சோறு. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை. டிலோ இரண்டு நேரமும் மண்ணிறப் பம்பை ஒழுங்காக எடுக்கிறாள். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் ஓடினாள், கடைசியாக வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக் கனகாலம்.

இன்று பூசையில் மச்சாள் முன் வரிசை வாங்கில். நான் பின் வரிசையில். பக்கத்திலிருப்பவர்களைக் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரம் இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பினோம்.

நவம்பர் 8

வாடைக்காற்று, மழை. பின்னேரம் மச்சாளின் பக்கத்து வீட்டு ஜெயகௌரி நனைந்து வந்தாள். இடுப்பில் அவள் மகன், கையில் புது நீலப் பம்பு, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. "கிளினிக்கிலை தந்தவை அக்கா. குடுக்கப் பயமாக் கிடக்கு. மாக்கிறட் அக்காதான், செலீனாட்டைக் கொண்டு போ எண்டவ."

பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா குழிந்தது. பெட்டியைக் கிழித்துப் பம்பைக் கொடுத்துக்கொண்டே, "இனிப் பாத்துக்கொண்டிருக்கேலாது, ஆஸ்பத்திரிக்கு" என்றேன். என் புருசன் இன்சாப்பைக் கூட்டிவர ஓடினார்.

ஆட்டோ வந்ததும் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தபடி ஜெயகௌரியோடு ஏறினேன். ஒழுங்கை முனையில் மச்சாள், குடை இருந்தும் பாதி நனைந்து நின்றார். வரவும் இல்லை, போகவும் இல்லை. பிள்ளையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்சாப்பை நிறுத்தச் சொன்னேன்.

"ஏறுங்கோ" என்றேன்.

ஏறினார். குடையை மடக்கத் தெரியாமல் மடக்கினார். ஆஸ்பத்திரி வரை நான் பம்பைக் கொடுக்க, அவர் பிள்ளையின் முதுகைத் தாங்கிப் பிடித்தார்.