ஓடலாம் என்றார் டாக்டர்

மார்ச் 4, புதன்

கடையில் கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடி பிரேம்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். முதலாளி மத்தியானத்திலிருந்தே கொட்டாவி.

வீடு திரும்பினால் வாலு படிக்கட்டிலேயே நிற்கிறாள். என் பெண்ணுக்கு அவள் அப்பா வைத்த பட்டப்பெயர் அது. பத்து வயதாகியும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. “அம்மா, ரிலேல என்னை எடுத்துட்டாங்க! கடைசியா ஓடுறது நான்தான். அதான் முக்கியமான இடமாம்!”

“ஏய், சூப்பர்டி!” என்று கட்டிக்கொண்டேன். வாய் சிரித்தது. கை மட்டும் சில்லிட்டுப் போனது. அவள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

எனக்கு ஏன் இத்தனை பயம் என்று யாரிடம் சொல்வேன்? இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள் நான். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படிகூட மெதுவாக ஏற வேண்டும். ஆபரேஷன் நடந்தது பதினேழு வயதில். அதுவரை மாடி ஜன்னல்தான். அம்மா ஒரு நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்துவிடுவாள். கீழே தெருவில் என் வயதுப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். யார் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பார்கள், யார் திரும்பிப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. சாயங்கால வெயில், புழுதி, யாரோ யாரையோ “பிடிச்சிட்டேன்” என்று கத்துவது. அதை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. என்னுடையதே இல்லாத ஒன்று எப்படி இத்தனை இனிக்கும்?

தையல் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கீழே இறங்கிப் போனேன். என் வயதுக்காரர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் வேறு பொடிசுகள். அதுங்களோடு போய் “நானும் வரட்டுமா” என்று கேட்க முடியுமா? திரும்பி மேலே வந்துவிட்டேன்.

வாலு பிறந்ததும் பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லைதானே?

மார்ச் 10, செவ்வாய்

பயந்தது நடந்துவிட்டது.

லென்ஸ் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன். பி.டி. டீச்சர். “பயப்படாதீங்க. ஓடி முடிச்சதும் நெஞ்சு படபடங்குதுன்னு உக்காந்துட்டா. இப்ப நல்லாத்தான் இருக்கா, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?” மெஷினை அணைத்தேனா இல்லையா தெரியாது. லென்ஸ் இரண்டாக உடைந்ததாம், முதலாளி பிறகு சொன்னார்.

பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் இல்லம்மா” என்றாள். உதடு வெளுத்திருந்ததா? எனக்கு மட்டும் அப்படித் தெரிந்ததா?

மார்ச் 11, புதன்

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி அதே இடத்தில் வைத்தார். அந்த மறுபடி — அது எனக்குத் தெரியும். என் சின்ன வயது முழுக்க அந்த மறுபடிதான்.

“லேசா ஒரு சத்தம் கேக்குது. நிறைய பிள்ளைங்களுக்கு இருக்கறதுதான். எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடுவோம். அதுவரைக்கும் ஓட வேண்டாம்.”

ஸ்கேனுக்கு அடுத்த புதன்தான் இடம் கிடைத்தது. வீட்டில் இவர், “அதான் நிறைய பேருக்கு இருக்குன்னு சொல்லிட்டாரே, நீயா ஏன் எதையாவது கற்பனை பண்ணிக்கிற?” என்கிறார். இவருக்கென்ன, சாதாரண இதயம்.

மார்ச் 14, சனி

சாயங்காலம் கீழே பிள்ளைகள் கூப்பிட்டார்கள். வாலு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலி போடவில்லை, அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நான் எப்பம்மா கீழ போவேன்?”

“உடம்பு நல்லாயிருந்தா எப்ப வேணா போலாம், கண்ணு.”

இது அம்மாவின் வாக்கியம். அதே இழுப்பு, அதே ‘கண்ணு’. என் தொண்டையில் எங்கே ஒளிந்திருந்தது இத்தனை வருஷம்?

மார்ச் 15, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் செய்தேன். நீ எப்படித் தாங்கிக்கொண்டாய் என்று கேட்கத்தான். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்காத ஒன்றைச் சொன்னாள்.

“உனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது டாக்டர் சொன்னாருடி, கொஞ்சம் கொஞ்சம் ஓடலாம், மத்த பிள்ளைங்களோட விடுங்கன்னு. நான்தான் உன்கிட்ட சொல்லல. விட மனசு வரல.”

“கோவமா?” என்றாள். வைத்துவிட்டேன்.

பன்னிரண்டிலிருந்து பதினேழு. எத்தனை சாயங்காலம்மா அது! கீழ போயிருக்கலாமே நான்! கொஞ்சம் கொஞ்சமாவது போயிருக்கலாமே! இவள் யார் அதை எடுத்து ஒளித்து வைக்க?

மார்ச் 16, திங்கள்

அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 18, புதன்

ஸ்கேன் முடிந்தது. இவருக்கு டூட்டி, நான்தான் கூட்டிப்போனேன். நர்ஸ் வெளியே வாலுவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் சொன்னார்: “இதயம் அருமையா இருக்கு. அன்னிக்கு வெயில்ல தண்ணி குடிக்காம ஓடியிருப்பா. அவ வளர வளர அந்தச் சத்தம் போயிடும். நல்லா ஓடட்டும், விளையாடட்டும்.”

சந்தோஷப்பட வேண்டும்தானே? படத்தான் செய்தேன், கதவைத் திறக்கும்வரை. திறந்ததும் வாலு நிமிர்ந்து பார்த்தாள். “என்னம்மா சொன்னாரு?”

டாக்டர் தப்பாகச் சொல்லியிருந்தால்? மெஷின் எதையாவது விட்டிருந்தால்? மைதானத்தில் அவள் விழுந்து, நான் கடையில் கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தால்?

“இன்னும் ஒரு மாசம் ஓட வேண்டாமாம்” என்றேன்.

இவரிடமும் அதையே சொன்னேன். நம்பிவிட்டார். போட்டி இருபத்தெட்டாம் தேதி.

மார்ச் 19, வியாழன்

பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கடைக்குப் போய்விட்டு வாலுவும் நானும் படியேறினோம். முதல் மாடியில் நின்றாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக மூச்சு விட்டாள். “என்னடி?” என்று பதறினேன். “ஒண்ணுமில்ல, பாத்துக்கறேன்” என்றாள் பெரிய மனுஷி மாதிரி. எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “எனக்கு ஹார்ட் வீக்கு, நான் விளையாட வர மாட்டேன்” என்று சாதாரணமாகச் சொன்னாள். அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. வாலு என்று பேர் வாங்கிய பிள்ளை!

எந்த நோயும் இல்லாத குழந்தையை நாலே நாளில் நோயாளி ஆக்கிவிட்டேன். அம்மாவுக்காவது நிஜமான ஓட்டை ஒன்று இருந்தது, காரணம் காட்ட.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

முதலில் இவரிடம். தட்டைத் தள்ளி வைத்தார். “உன்னை என்னன்னு சொல்றது?” என்றார். எழுந்து போய்க் கை கழுவினார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு வாலுவிடம். “டாக்டர் ஓடலாம்னு சொல்லிட்டாரு, கண்ணு. உன் ஹார்ட் நல்லாயிருக்கு.”

“எப்ப சொன்னாரு?”

“அன்னிக்கே.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப ஏன் மாத்திச் சொன்ன?”

“பயமா இருந்துச்சுடி.”

“நீ சொன்னதுக்கப்புறம் எனக்கும்தான் பயமா இருந்துச்சு. செத்துருவேனோன்னு நினைச்சேன்.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக்கூட வரவில்லை. இவர்தான் போய் ஊட்டிவிட்டார்.

மார்ச் 25, புதன்

பி.டி. டீச்சரிடம் டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். “இடத்தை யாருக்கும் குடுக்கலை, வெச்சிருக்கேன்” என்றார். வாலு இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். நான் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 28, சனி

நாலாவதாக வந்தார்கள். ஆறு அணியில்.

ரிலே கோல் அவள் கைக்கு மாறியபோது என் காது அடைத்துவிட்டது. எதுவுமே கேட்கவில்லை. அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன், மூடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண், “ஏங்க, கொஞ்சம் உக்காருங்க, பின்னாடி மறைக்குது” என்றபோதுதான் நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

முடிந்ததும் நேராக என்னிடம் ஓடி வந்தாள். முகம் சிவந்து, மூச்சு இரைக்க. பேச்சே வரவில்லை அவளுக்கு. என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

“எப்டி... அடிக்குது... பாரேன்!”

உள்ளங்கையில் இடித்தது. தடதடவென்று. கையை எடுக்கவில்லை.

“நல்லா அடிக்குதுடி” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஓடினாம்மா.”

“ரொம்ப மூச்சு வாங்குச்சா?”

“வாங்குச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் சரியாப் போச்சு.”

“அப்படியா,” என்றாள் அம்மா. “சரியாப் போயிடுமா?”