ஞாயிற்றுக்கிழமை சலூன் திறக்காது

அன்பு மகள் சுழிக்கு, அப்பா உட்கார்ந்து எழுதிக்கொள்வது.

நான் சுகம். உன் அம்மா சுகம். கடையில் அந்தக் கால் ஆடுகிற நாற்காலியும் ஆடிக்கொண்டே சுகமாக இருக்கிறது. என் வாய் மட்டும்தான் ஒரு வாரமாகப் பத்தியத்தில் இருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் வளவளவென்று பேசுகிற மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினான் என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கத்திரி பிடித்துப் பழகிய விரல், பேனாவைக் கொடுத்தால் அதையும் திறந்து மூடப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே முட்டி போட்டிருந்ததுதான் அதிகம் என்று உனக்குத் தெரியும். எழுத்து கோணியிருந்தால் நீயே நிமிர்த்திப் படித்துக்கொள்.

பயிற்சி முகாமிலிருந்து நீ அனுப்பிய போட்டோ வந்தது. எல்லோரும் வரிசையாகக் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுகிற போட்டோ. ஒருத்தி முகமும் தெரியவில்லை. உன் அம்மா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடு தேடென்று தேடினாள். நான் ஒரே பார்வையில் விரலை வைத்தேன். உச்சியில் இரண்டு சுழி. உனக்கு முதல் முடி முளைத்த அன்றே நான் பார்த்து, இது வாலு பண்ணப் போகிற மண்டை என்று சொல்லிப் பேர் வைத்தவன் அல்லவா. எந்த ராணுவம் வந்து மறைக்க முடியும்?

அது இருக்கட்டும். உன் பிடரியில் மெஷின் ஓட்டிய அந்த மகானுபாவர் யார்? இடது காதுக்குப் பின்னால் ஒரு மாடிப்படி ஏறி இறங்குகிறது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் கையில் துப்பாக்கியை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று உன் ஹவில்தாரிடம் சொல். உன் அம்மா போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "காது தெரியுதுங்க" என்றாள். காது இருந்தால் தெரியத்தானே செய்யும் என்றேன். உனக்குத்தான் தெரியுமே, அவளிடம் ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்தான் கையிருப்பு. அன்றைய கணக்கு அதோடு முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று நீ கண்டுபிடித்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது கடையில் கல்யாண வீட்டுக் கூட்டம். பால்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை. என் கை முழுக்க சோப்பு. முழங்கையால் போனை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன். "எல்லாரும் சும்மா இருங்கப்பா, என் மக ராணுவத்துலேருந்து பேசுறா" என்று அறிவித்தேன். சும்மா இருக்க வேண்டியவன் நான்தான் என்று அப்போது தோன்றவில்லை. "பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறுவியே, அங்க கட்டில் உயரமா இருக்கா?" என்றேன். கடையே சிரித்தது. நீ, "அப்பா, கொஞ்சம் கேளுப்பா" என்றாய். "கேக்குறேன் தளபதி, சொல்லுங்க தளபதி" என்று சொல்லிவிட்டு, நீ வாயெடுப்பதற்குள் அடுத்ததை எடுத்து விட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்கடைக்காரர் வேறு, "போன்லயே ஒரு சல்யூட் அடிக்கச் சொல்லுங்க" என்று கத்தினார். நீ மறுபடியும், "கேளுப்பா" என்றாய். பிறகு, "ஸ்பீக்கர்லயா இருக்கேன்?" என்று கேட்டாய். "ஆமா, தெருவே கேக்குது!" என்றேன், என்னவோ பெரிய பட்டம் வாங்கிக் கொடுத்த மாதிரி. "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் பண்ணேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் கத்தியைக் கையில் எடுத்தேன். பால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பாப்பா ஏதோ சொல்ல வந்துச்சு. நீங்க விட்டாத்தானே" என்றார். அவர் பேசிய வேகத்தில் நுரை பறந்து கண்ணாடியில் ஒட்டியது. மீதிக் கன்னத்தைப் பேசாமல் மழித்து அனுப்பினேன்.

உன் அம்மாவுக்கு அன்று பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட். வந்ததும் பையை இறக்கி வைக்காமலே, "என்ன சொன்னா?" என்று கேட்டாள். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். பல்லி, தளபதி, சல்யூட் எல்லாம் வரிசையாக வந்தது. பாதியில் பார்த்தால் எல்லாமே நான் பேசியது. நீ பேசியது என்று தேடினால், "கேளுப்பா", "ஒண்ணுமில்லப்பா". அதைத் தாண்டி ஒன்றும் அகப்படவில்லை. உன் அம்மா, "அவ ஒண்ணுமில்லன்னு சொன்னா ஏதோ இருக்கு" என்றாள். சைக்கிளில் விழுந்து மணிக்கட்டு எலும்பு விலகிய அன்று, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இதே "ஒண்ணுமில்லப்பா"வைத்தான் நீ சொன்னாய். அன்றைக்கும் நான் அதற்கு ஏதோ ஒரு கிண்டல் வைத்திருந்தேன். கையை வெளியே எடுக்கச் சொன்னது உன் அம்மா.

அன்றிரவு சோறு இறங்கவில்லை. உனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் போன் தருகிறார்கள், அதுவும் ஐந்து நிமிஷம். அந்த ஐந்தையும் நானே தின்றுவிட்டேன். அடுத்த முறை நீ பேசும்போது நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். சுழி, உன் அம்மா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

சரி, பழகிப் பார்ப்போம் என்று மறுநாள் கடையிலேயே ஆரம்பித்தேன். முதல் ஆள் நம் தையல்கடைக்காரர். துண்டைப் போர்த்தினேன், வெட்ட ஆரம்பித்தேன், பேசவில்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். திரும்பி நேராகவும் பார்த்தார். அப்புறம் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து இரண்டு காதையும் தடவிப் பார்த்துக்கொண்டு, "என்னப்பா, எதையாவது எடுத்துட்டியா? சொல்லிடு, எனக்குக் கோபமில்ல" என்றார். சாயங்காலத்துக்குள் எனக்குப் பல் பிடுங்கிவிட்டார்கள் என்றும், கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்றும், உன் அம்மா என்னை அடித்துவிட்டாள் என்றும் தெருவில் மூன்று கதை. மூன்றாவதைத்தான் எல்லோரும் நம்பினார்களாம்.

ஆனால் ஒன்று நடந்தது. நான் பேசாமல் இருக்க இருக்க, தையல்கடைக்காரர் தானாகப் பேச ஆரம்பித்தார். கண் ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறாராம். ஊசியில் நூல் கோர்க்க வீட்டு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம். எத்தனை வருஷமாக அவர் தலை என் கையில் இருக்கிறது. அதற்குள்ளே இது இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

இருந்தும் உன் அம்மாவுக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை. "கடையில கையில வேலை இருக்கு, வாய் சும்மா இருக்கும். போன்ல முடியாது. வாங்க, ஒத்திகை பார்க்கலாம்" என்றாள். தன் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போய்விட்டாள். நான் முன் அறையில், உன் கட்டிலில். அவள் நீயாம், நான் நானாம். நான் "ம்" மட்டும் சொல்லலாம்.

மணி அடித்தது, எடுத்தேன். நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. வாளியில் குழாய் சொட்டுவது ஒரு காதில் போனில் கேட்டது, மறு காதில் நேராகக் கேட்டது. தொண்டை வரை நாலைந்து கிண்டல் வந்தது, ஒவ்வொன்றாக விழுங்கினேன். போனை வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது, "நான் பஸ்ல வர்றதில்லைங்க" என்றாள்.

"ம்" என்றேன்.

"அவ மூட்டையைத் தூக்கிக்கிட்டு மலையில நடக்குறேன்னு எழுதினாள்ல, அன்னிலேருந்து நான் கம்பெனிலேருந்து நடந்துதான் வர்றேன். சாப்பாட்டுப் பையை முதுகுல மாட்டிக்கிட்டு. பாலத்துக்கிட்ட வரும்போது குதிகால் எரியும். அவளுக்கு எந்த இடத்துல எரியுமோன்னு நினைச்சுக்குவேன்."

தினமும் தாமதமாக வருகிறாளே என்று, "முதலாளிக்கு உன்னை விட்டா ஆளில்லையா?" என்று நான் தினமும் சீண்டியிருக்கிறேன். அவள் சிரிக்கக்கூட இல்லையே என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். மறுபடியும் "ம்" என்றேன். அது சரியாக வரவில்லை.

"அவ கிளம்புற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு சொல்ல நினைச்சேன். முடியலன்னா வந்துடு, யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்னு. சொன்னா, அம்மாவுக்கு நம்ம மேல நம்பிக்கையில்லன்னு நினைச்சுக்குவாளோன்னு, பையோட ஜிப்பையே திறந்து திறந்து மூடிக்கிட்டு நின்னேன்" என்றாள். அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஜிப் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "விடுடி, பிய்ச்சிடாதே, பை அரசாங்கத்துக்குப் போகுது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான். நீயும் சிரித்தாய்.

அவள் உள்ளே வந்ததும் காலைக் காட்டச் சொன்னேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. மருந்து போட்டுவிட்டேன். பஸ்ஸில் வா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. செருப்பையாவது மாற்று என்றதற்கு மட்டும் தலையாட்டினாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே விளக்கில் சாப்பிடுகிறவள் நடந்து வருகிறாள் என்று தெரியாத எனக்கு, அவ்வளவு தூரத்தில் நீ சொல்ல வந்தது என்ன என்று எப்படித் தெரியும்? அதனால் ஊகிக்கப் போவதில்லை. நீயே சொல்.

உன் அடுத்த போன் வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பூட்டு. நானே அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: "ஞாயிற்றுக்கிழமை சலூன் திறக்காது. முளைத்தது திங்கள் வரை முளைக்கட்டும்." பால்காரரிடம் முன்கூட்டியே உத்தரவு வாங்கிவிட்டேன். "என் தாடி தரையைத் தொட்டாலும் பரவாயில்லண்ணே" என்றார். உன் அம்மா ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். ஸ்பீக்கர் கிடையாது. ஒரு போனுக்கு இரண்டு பக்கமும் காதை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்கப் போகிறோம். புதுக் கல்யாணத்தில்கூட நாம் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை என்றேன். முறைத்தாள்.

முடியவில்லை என்றால் சொல், கண்ணு. உன் அம்மா பஸ் ஸ்டாண்டில் சொல்லாததை நான் இங்கே எழுதியாகிவிட்டது. திரும்பி வந்த உன்னை எவனாவது ஒரு பார்வை பார்த்தால், பாதி மீசையோடு தெருவில் அனுப்புகிறேன். இல்லை, அந்த இடம் பிடித்துப்போய்விட்டது, வீட்டு ஞாபகமே வருவதில்லை, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது என்றாலும் சொல். எனக்குக் கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும், நீ சொல். சொல்ல ஒன்றுமே இல்லை, அழத்தான் வேண்டும் என்றால் ஐந்து நிமிஷமும் அழு. அது உன் நேரம்.

ராத்திரி காலைக் கழுவி, விரலுக்கு நடுவில் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுப் படு. நீ நன்றாக இருக்க வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும், எங்கே நின்றாலும். பிடரியில் இருக்கிற அந்தப் படியை அந்த மகானுபாவரை மறுபடியும் தொட விடாதே. நீ எப்போது வந்தாலும், எப்படி வந்தாலும், நான் சரி பண்ணிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும், எடுத்த சத்தம் கேட்கும், அதன் பிறகு இந்தப் பக்கம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அது நான்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா