சிகரெட் பாக்கெட்டில் என் கால்

மார்ச் 3, செவ்வாய்

இருமல் நாற்பத்தாறு. விடிந்ததிலிருந்து விளக்குப் போடும் வரை எண்ணியது.

கண் டாக்டரம்மா எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, வலது முற்றிவிட்டது. ஆபரேஷன் அரை மணி நேர வேலைதானாம். ஆனால் கருவி கண்ணுக்குள் இருக்கும்போது இந்த மனிதர் இருமினால் அந்தக் கண்ணே போய்விடும் என்றாள். சிகரெட்டை விட்டால் இருமல் அடங்கும், நாளுக்குப் பத்துக்குள் வந்ததும் கூட்டி வாருங்கள் என்றாள். வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "வராட்டி எனக்கு ஒரு வேலை மிச்சம், பாட்டி" என்றாள்.

என்னைப் பாட்டி என்றாள். அவளுக்கே காதோரம் நரை. ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் இவர் செய்த முதல் காரியம் ஒன்று பற்ற வைத்தது. தீக்குச்சியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவ்வளவுதான் பார்வை.

மார்ச் 5, வியாழன்

இருமல் நாற்பத்தொன்பது.

துவைக்கச் சட்டையை எடுத்தேன். பையில் பாக்கெட். இப்போதெல்லாம் பாக்கெட்டில் முக்கால்வாசி படம்தான். ஓட்டை விழுந்த தொண்டை, கறுத்துப்போன நுரையீரல். பார்த்தவன் பயந்து விட்டுவிடுவானாம். நான் உற்றுப் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன். ஒரு கால். ஊதா நிறத்தில் வீங்கி, சீழ் வைத்து. சுண்டுவிரலுக்கு அந்தண்டை ஒட்டிக்கொண்டு இன்னொரு குட்டி விரல்.

அறுபத்தாறு வருஷமாக நான் பார்க்கிற விரல். எனக்குத் தெரியாதா?

கீழே இருந்ததைப் படித்தேன். புகைத்தால் கால் அழுகும்.

நான் புகைத்தேனா? அடுப்பைத் தவிர எதையும் ஊதியவள் இல்லை. இந்தக் கால் அழுகியது மருமகள் குக்கரைப் போட்டதால். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, காலை எட்டேகால். குக்கர் என் காலில், பருப்பு தரையில். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "ஐயோ, பருப்பு". மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். சிவப்பு பெல்ட் போட்ட ஒருவன் கேமராவோடு வந்து, ரெக்கார்டுக்கு என்று சொல்லிப் படம் எடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். அந்த இங்கிலீஷ் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல அன்றைக்கு ஒருத்தருக்கும் நேரமில்லை.

மார்ச் 6, வெள்ளி

பாக்கெட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மூன்று தடவை எடுத்துப் பார்த்தாயிற்று. நகத்தையாவது வெட்டிவிட்டு எடுத்திருக்கலாம் பாவி.

மார்ச் 8, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். வெட்கப்படுவார், அடுத்த நிமிஷமே தூக்கி எறிவார் என்று நினைத்தேன். பாக்கெட்டை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தார். "நான் இத்தனை நாளா சர்க்கரைவள்ளிக் கிழங்குன்னு இல்ல நெனச்சேன்" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரி கால், நாடு முழுக்கப் போகுது என்று.

நாற்பத்தைந்து வருஷத்தில் என்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகப் பேசினது இதுதான் முதல் தடவை. என் சமையலைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

இனிமேல் கடையில் கால் படம் போட்ட பாக்கெட்டைத்தான் வாங்குவாராம். தொண்டையைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். கடைக்காரர் எனக்கே வணக்கம் வைக்கிறார்.

இருமல் ஐம்பது.

மார்ச் 11, புதன்

தெருவில் புதிதாக ஒரு பேச்சு. சிகரெட் பிடித்தால் காலில் கூடுதலாக ஒரு விரல் முளைக்குமாம். கிளப்பிவிட்டது முக்குத் தையல்காரர். படத்தில் இருக்கிறதே என்கிறார். கடை வாசலில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றி எண்ணினார்கள். ஐந்து ஐந்துதான் இருந்தது. நிம்மதியாகி ஆளுக்கொன்று பற்ற வைத்தார்கள்.

நான் அந்தப் பக்கம் போனபோது தையல்காரர் என் காலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எத்தனை வருஷமாப் பிடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். இவர் தைத்த ரவிக்கை என்றைக்கு அளவாக இருந்தது?

பேத்தி அந்தப் படத்தை வைத்து ஆறு வரை எண்ணப் பழகிவிட்டாள்.

மார்ச் 16, திங்கள்

பாக்கெட்டுக்குப் படம் போடுகிற அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு பஸ், மூன்று மாடி. மருமகள் துணைக்கு வந்தாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் உட்கார வைத்தார். அந்தக் காலை எடுத்துவிடுங்கள், அது என்னுடையது, சிகரெட்டால் வந்ததும் இல்லை என்றேன். உங்கள் கால்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். தூக்கி மேஜைமேல் வைத்தேன்.

பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். மூவரும் படத்தைப் பக்கத்தில் வைத்து விரலை எண்ணினார்கள். ஒருவர் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். கடைசியில் அதிகாரி சொன்னார்: "விரல் சரியா இருக்கும்மா. ஆனா படத்துல புண் இருக்கு, உங்க கால்ல இல்ல. பொருந்தலையே."

ஆறிவிட்டது ஐயா என்றேன். ஆறின காலுக்கு விண்ணப்பம் போட வழியில்லை என்றார். ஒருநாள் நேரில் வந்து ஆய்வு செய்வார்களாம்.

சுவரில் பெரிதாக ஒன்று ஒட்டியிருந்தது. படத்தைப் பார்த்து நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேர் அதிர்ச்சி அடைந்தார்கள். எத்தனை பேர் விட்டார்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத் தாங்கள் கேட்கவில்லை என்றார். அதிர்ச்சிக்காகத்தான் அச்சடித்தது, அதிர்ச்சி வந்துவிட்டது, அதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார். முகத்தில் ஒரு திருப்தி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகள் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டாள்.

மார்ச் 18, புதன்

இருமல் ஐம்பத்து மூன்று.

இன்றைக்கு நேராகக் கேட்டேன், விடுவீர்களா மாட்டீர்களா என்று. இவர் ஒரு நியாயம் வைத்திருக்கிறார். "உன் காலே ஆறிடுச்சு. அப்ப அந்தத் தொண்டையும் ஆறியிருக்கும். அது மேல யார் வீட்டுக் குக்கர் விழுந்துதோ." நுரையீரலும் அப்படித்தானாம். எல்லாம் ஏமாற்று வேலையாம். அதற்குச் சாட்சி நானாம், வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறேனாம்.

 என் கால் நன்றாக இருப்பது இவர் கண்ணுக்கு ஆகவில்லை.

சாயங்காலம் பேத்தி எதிரில் வந்து நின்றாள். இரண்டடி தூரம். யாரு என்று கேட்டார். குழந்தை விளையாட்டு என்று நினைத்து, "நான்தான் போலீஸ்" என்றாள். இவர் எழுந்து நின்றுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டேன். எத்தனை நாளைக்கு இது? பேத்தி முகம் கூடத் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடுவாரா?

மார்ச் 21, சனி

பீட்ரூட் நறுக்கினேன். சாறு காலில் கொட்டிவிட்டது. துடைக்காமல் இருந்தேன். மருமகள் உள்ளே வந்து பார்த்தாள், கையிலிருந்த கரண்டி விழுந்தது. "மறுபடியுமா அத்தை?" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இந்தக் கால் மறுபடி அழுகினால் இவருடைய நியாயம் நிற்காது என்று. சொன்னேன். தப்பு என்பாள் என்று நினைத்தேன்.  எழுந்து போய் மைதா மாவு, காப்பித்தூள், அழுகின வெங்காயம் எல்லாம் எடுத்து வந்தாள். படத்தைப் பார்க்காமலே என் காலில் அப்படியே வைத்தாள் — அந்த வீக்கம், அந்த ஓரம், எல்லாம்.

"எனக்குப் படம் வேணாம் அத்தை. இப்பவும் கனவுல வருது."

 அவளுக்குக் கனவு வருகிற விஷயம் எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 22, ஞாயிறு

காட்டினோம். இவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும், ஆனால் நாற்றம் தெரியும். விரலால் ஓரத்தைத் தொட்டார். கை பிசுபிசுத்தது. முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வெளியே போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

வாசற்படியில் உட்கார்ந்து வரிசையாக ஆறு பிடித்திருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "பயமா இருந்துச்சுடி, அதான்" என்றார்.

இருமல் அறுபத்தொன்று.

அந்தத் தொண்ணூற்றிரண்டு பேரும் அதிர்ச்சி அடைந்த கையோடு இதைத்தான் செய்திருப்பார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

கழுவித் தொலைக்கலாம் என்று இருந்தேன். இவர் வந்து, யார் கட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டார். மருமகள் என்றேன். "குக்கர் போட்ட கை அது. அவ வேணாம், நான் போடறேன்" என்றார்.

இரண்டு வருஷமாக நான் மட்டும்தான் அதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவரும் மறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

மருமகளுக்குக் காதில் விழுந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று, "சிகரெட் பிடிச்ச கை பட்டா புண்ணு புரையோடும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க மாமா. நீங்க போடறதா இருந்தா சிகரெட்டைத் தொடக்கூடாது. முடியலேன்னா நானே போடறேன்" என்றாள்.

எந்த நர்ஸ்? ஒரு நர்ஸும் இல்லை. இப்படி ஒரு பொய் கண் இமைக்காமல் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கெட்டிக்காரிதான்.

மார்ச் 29, ஞாயிறு

காலை ஏழு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஆறு. மூன்று தடவை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார். ஓரம் மட்டும் துடைக்க வேண்டும், நடுவைத் தொடக்கூடாது என்று மருமகள் சொல்லிவைத்திருக்கிறாள். அப்படியே செய்கிறார். துணியைத் தடவித் தடவி முடிச்சுப் போடுகிறார்.  

புகை இல்லாமல் இவர் குணம் மட்டும் தாங்க முடியவில்லை. நேற்று டம்ளரை எறிந்தார். இன்றைக்கு ரேடியோவோடு சண்டை.

இருமல் முப்பத்தெட்டு.

ஏப்ரல் 1, புதன்

மத்தியானம் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று பிடித்துவிட்டார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அவரே சொன்னதுதான். ஆறு மணிக்குக் கதவருகில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு அவளையே கட்டச் சொல்லு" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

வெறும் மாவும் பீட்ரூட்டும்தான். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் போலிருந்தது. மருமகள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

இருமல் பத்தொன்பது. இரண்டாவது தடவை தொட்டிப் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 15, புதன்

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

ஒரு மணிக்கு இவர் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அந்த அலுவலக அதிகாரி வந்து நின்றார். ஆய்வாம். காலைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். திரும்பக் காலைப் பார்த்தார். வியர்த்துவிட்டது. தண்ணீர் கொடுத்தோம்.

நான் எப்படிச் சொல்வேன், இவர் பக்கத்திலேயே பஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது? மருமகள் அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அதிகாரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை மருமகளைப் படிக்கச் சொல்லித்தான் போட்டேன். கால் படத்தோடு முழுமையாகப் பொருந்துகிறது, ஆகவே படத்தில் பிழை இல்லை, ஆகவே நீக்க அவசியமில்லை. போகும்போது, அடுத்த வருஷத்துக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி கால் உங்களுக்குக் கண்காட்சியா? கிளம்புங்க" என்றார் இவர். இந்தக் குரலை நான் கல்யாணமான புதிதில் கேட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதிகாரி தெருமுனையில் நின்று, ஒன்று பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

இருமல் ஒன்பது.

டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். முதல் பக்கத்தைப் படித்தாள், மீதியில் இருமல் கணக்கை மட்டும் பார்த்தாள். எந்தப் படத்தைப் பார்த்துச் சிகரெட்டை விட்டார் என்று கேட்டாள். படம் இல்லை என்றேன். இந்தத் தடவை அம்மா என்று கூப்பிட்டாள். பாட்டி என்றதை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

அரை மணி நேரம். ஒரு தடவைகூட இருமவில்லை. வெளியே பெஞ்சில் மருமகளும் நானும். அவள் என் கையை விடவே இல்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

மே 1, வெள்ளி

கண் கட்டை நேற்றே பிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பேத்தியைத்தான் தேடினார். முகத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கு மருமகளைப் போல என்றார்.

அந்த ஆரவாரத்தில் இன்று காலையில் மாவு வைக்க மறந்துவிட்டோம். ஏழு மணிக்கு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.  மருமகள் கதவோரத்தில் நின்றாள்.

கட்டைப் பிரித்தார். கீழே வெறும் கால். பழைய தழும்பு, நரம்பு, வெட்டாத நகம், அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் தெரிகிறது இப்போது. ரொம்ப நேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

பிறகு மருந்தை எடுத்து, ஒன்றுமில்லாத இடத்தில் தடவினார். ஓரம் மட்டும் இல்லை, நடுவிலும். புதுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அடுத்தது ஒரு மணிக்கு" என்றார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நான் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.